முதல் சுவர்: தெருவோவியம் வரைய வருபவருக்கு ஒரு வழிகாட்டி

தெருவோவியம் வரைய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாகப் பெயிண்ட் வாங்கிவிடுகிறார்கள். கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது. அதற்கு முன்னால் சுவர் கிடைக்க வேண்டும், உரியவர் சம்மதிக்க வேண்டும், சுவர் உள்ளே வரை காய்ந்திருக்க வேண்டும், எதிர்வீட்டுக்காரருக்கு நீங்கள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். இவையெல்லாம் கூடிவந்த பிறகு வரைவது, உண்மையிலேயே, சுலபமான பகுதி.

சென்னையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கொளுத்தும் வெயிலும் வடகிழக்குப் பருவமழையும் உள்ள எந்த ஊருக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். தாளில் வரையத் தெரிந்த, ஆனால் இதுவரை சுவரைத் தொடாத ஒருவர்தான் என் வாசகர்.

ஊரைச் சுற்றிப் பாருங்கள்

நியூயார்க்கில் 1971ஆம் ஆண்டு ஒரு செய்தித்தாள், ஊரெங்கும் 'டாக்கி 183' என்று எழுதிவைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனைப் பற்றி எழுதியது. 183 அவன் வசித்த தெருவின் எண். கடிதங்களையும் பொட்டலங்களையும் கொண்டுகொடுக்கும் வேலை பார்த்ததால் போகிற இடமெல்லாம் பெயரை எழுதிவிட்டு வந்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிலடெல்பியாவில் 'கார்ன்பிரெட்' என்ற பெயர் சுவர்களில் பரவியிருந்தது. கிராஃபிட்டியின் வேர் இப்படிப் பெயர் எழுதுவதில்தான் இருக்கிறது. அனுமதி கேட்பது அதன் இயல்பிலேயே கிடையாது. அந்த எழுத்துகளை எழுதுபவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதற்காகவே எழுதினார்கள், பொதுமக்களுக்கு அவை புரிகிறதா என்பது அவர்கள் கவலையாக இருக்கவில்லை. தெருவில் போகிற எல்லோரும் பார்க்கட்டும் என்று வரையும் சுவரோவியம் வேறு வழியில் வந்தது. இரண்டும் இன்று கலந்துவிட்டன. ஸ்பிரே டப்பாவும் எழுத்து வளைவுகளும் அங்கிருந்து வந்தவை, சாரமும் அனுமதிக் கடிதமும் இங்கிருந்து வந்தவை. இந்தக் கட்டுரை இரண்டாவது வழியைப் பற்றியது.

சென்னையில் பார்க்க வேண்டிய முதல் இடம் கண்ணகி நகர். நகரின் பல பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய பகுதி அது. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் மாநகராட்சியோடு சேர்ந்து அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியங்களைக் கொண்டுவந்தன. அடுத்து, இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையம். அதன் முகப்பில் சென்னையைச் சேர்ந்த ஏ-கில் என்ற ஓவியரின் பங்களிப்பில் பல முகங்கள் அருகருகே நிற்கின்றன. எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காகச் செய்யப்பட்ட வேலை அது.

இவற்றை ரசிப்பதோடு நிற்காமல் துப்பறிவாளரைப் போலப் பாருங்கள். எந்த நிறம் வெளுத்திருக்கிறது? தரையிலிருந்து மூன்றடி வரை என்ன ஆகியிருக்கிறது? மழைநீர்க் குழாய் உடைந்த இடத்தில் பெயிண்ட் எப்படி உரிந்திருக்கிறது? சாலையின் மறுபுறத்திலிருந்து தெளிவாகத் தெரியும் முகம், பக்கத்தில் போனால் எத்தனை தட்டையான நிறத் திட்டுகளாகப் பிரிகிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால் பாதித் தொழில் கைவந்த மாதிரி.

இன்னொரு பள்ளிக்கூடமும் நம்மிடம் இருக்கிறது, அதை யாரும் மதிப்பதில்லை. தமிழ்நாட்டுச் சுவர்களில் கட்சிச் சின்னங்களையும் சிமெண்ட் விளம்பரங்களையும் எழுதிவந்த ஓவியர்கள், பத்தடி உயர எழுத்தை அளவு பிசகாமல், ஒரே இழுப்பில் வளைத்து எழுதினார்கள். பிளெக்ஸ் பேனர் வந்து அவர்களில் பெரும்பாலோரின் பிழைப்பைப் பறித்துவிட்டது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். வண்டிகளுக்கு எண் எழுதிக்கொண்டிருப்பார், அல்லது வீடுகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கூலி கொடுத்து ஒரு நாள் உடன் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் எந்தக் காணொளியும் அதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

சுவர் யாருடையது?

பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதல் இருக்கிறது. அழகாகத்தானே வரைந்தேன் என்ற வாதம் அனுமதிக்கு மாற்றாகாது. சிங்கப்பூர் போகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரம்படி உண்டு. 1994இல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞருக்கு, கார்களில் பெயிண்ட் அடித்தது உள்ளிட்ட குற்றங்களுக்காக நான்கு பிரம்படி கொடுத்தார்கள். அமெரிக்க அதிபரே தலையிட்டும் தண்டனை ஆறு அடியிலிருந்து நான்காகக் குறைந்ததே தவிர, ரத்தாகவில்லை.

எனவே முதல் சுவருக்குத் தனியார் சுவரைத் தேடுங்கள். தெரிந்தவரின் வீட்டு மதில், ஒரு கடையின் பக்கச்சுவர், தனியார் பள்ளியின் உட்புறச் சுவர் ஆகியவை நல்லவை. அரசுச் சுவர் என்றால் அது எந்தத் துறையுடையது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. ஒரே தெருவில் மாநகராட்சி மதில், மின்வாரியத் தடுப்பு, ரயில்வே சுவர், நெடுஞ்சாலைத் துறையின் பாலத்தூண் என்று நான்கு உரிமையாளர்கள் இருக்கலாம். மாநகராட்சிச் சுவருக்கு மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். 'கவுன்சிலர் சரி என்று சொல்லிவிட்டார்' என்பது அனுமதி ஆகாது, ஆனால் அவருக்குத் தெரியாமல் வரைவதும் புத்திசாலித்தனம் ஆகாது. தேர்தல் அறிவிப்பு வரவிருக்கும் மாதங்களில் அரசுச் சுவரைத் தொடாதீர்கள். நடத்தை விதிகள் அமலானதும் அரசியல் எழுத்துகளை அழிக்க ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு கிளம்புவார்கள். அவசரத்தில் உங்கள் மயிலுக்கும் அரசியல் சின்னத்துக்கும் வேறுபாடு பார்க்க அவர்களுக்கு நேரமிருக்காது.

தனியார் சுவரானாலும் வாய்ச்சொல்லோடு விட்டுவிடாமல் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எந்தச் சுவர், நீள அகலம், எந்த நாட்கள், பெயிண்டுக்கும் சாரத்துக்கும் யார் பணம், முன்வரைவின் நகல், குறைந்தது எத்தனை காலம் அழிக்காமல் விடுவார், அழிப்பதானால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்வார், படம் எடுத்து வெளியிடும் உரிமை யாருக்கு என்ற விவரங்கள் போதும். அழிப்பதைப் பற்றி முன்கூட்டியே பேசச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் பேசிவிடுங்கள். நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவில், படைப்பை விற்ற பிறகும் படைப்பாளிக்குச் சில உரிமைகளை விட்டுவைத்திருக்கிறது. தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்திருந்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டது. அவர் வழக்குப் போட்டு, 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடும், மிஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரும்படியும் தீர்ப்பளித்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருக்க உங்களுக்குத் தெம்பில்லை என்றால் கடிதத்தில் இரண்டு வரி கூடுதலாக எழுதிவிடுவது நல்லது.

சுவரைச் சோதித்தல்

இந்தப் பகுதியை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். சென்னையில் ஓவியங்களைக் கொல்வதில் வெயிலுக்கு இரண்டாம் இடம்தான். முதல் இடம் சுவருக்கு உள்ளிருந்து வரும் தண்ணீருக்கு.

சுவரை நெருங்கி உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளை மாவு ஒட்டினால் பழைய சுண்ணாம்போ வெளுத்துப்போன பெயிண்டோ உதிர்கிறது என்று பொருள். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அது மாவைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரைப் பிடிக்காது. அடுத்து, அகலமான ஒட்டு நாடாவை ஒட்டிச் சட்டென்று இழுங்கள். நாடாவோடு பெயிண்ட் வந்தால் அந்த இடத்தைச் சுரண்டியே தீர வேண்டும்.

ஓதம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் நாடாவால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் உட்புறம் நீர்த்துளிகள் கோத்திருந்தாலோ சுவர் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ சுவருக்குள் ஈரம் இருக்கிறது. தரைக்குப் பக்கத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக ஒட்டிப் பார்ப்பது நல்லது. அடியில் மட்டும் ஈரம் என்றால் நிலத்திலிருந்து ஏறுகிறது. நடுவில் என்றால் சுவருக்குப் பின்னால் குளியலறையோ உடைந்த குழாயோ இருக்கும். குழாயைச் சரிசெய்யாத உரிமையாளரிடம் ஓவியம் வரைய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

செங்கல்லில் ஊறிய நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து காயும்போது வெள்ளைப் படிகமாகப் பூக்கும். சுவர் உப்புப் பூத்திருக்கிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். இதை ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து உதிர்த்து, அப்புறப்படுத்தி, சில வாரங்கள் கழித்து மறுபடி பூக்கிறதா என்று பாருங்கள். பூத்தால் அந்தச் சுவர் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை.

புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவர் பார்க்கக் காய்ந்தது போலிருக்கும், உள்ளே காரத்தன்மை குறைந்திருக்காது. குறைந்தது 28 நாட்கள் விட வேண்டும். மழைக்காலத்தில் பூசியதென்றால் அதற்கும் மேல்.

சுவர் தேறிவிட்டது என்றால் வேலையை இப்படித் தொடங்குங்கள். உதிர்வதைச் சுரண்டி எடுங்கள். பாசி பிடித்த இடத்தைப் பிளீச்சிங் கரைசலால் கழுவி, நன்றாக அலசிக் காயவிடுங்கள். வெடிப்புகளை வெளிப்புறச் சுவருக்கான நிரப்பியால் அடைத்து உப்புத்தாளால் தேயுங்கள். பட்டி பார்க்க வேண்டுமென்றால் வெள்ளைச் சிமெண்ட் கலந்த பட்டிதான், உட்புறச் சுவருக்கான அக்ரிலிக் பட்டி மழையில் ஊறிக் கழன்றுவிடும். என்னைக் கேட்டால் சுவரை முழுக்க வழவழப்பாக்க வேண்டியதில்லை. சற்றுச் சொரசொரப்பு பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும். பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது தெரியவும் தெரியாது. பிறகு வெளிப்புற பிரைமர் ஒரு கோட், அது காய்ந்ததும் அடிநிறம்.

என்ன வரைவது?

வரையப்போகும் தெருவில் சில மாலைகள் சும்மா நில்லுங்கள். யார் நடக்கிறார்கள், யார் வண்டியில் போகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள் என்று பாருங்கள். வண்டியில் போகிறவருக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். அந்தச் சுவருக்கு ஒரே ஒரு பெரிய உருவம் போதும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள சுவரென்றால் கதை வேறு. அரைமணி நேரம் காத்திருப்பவருக்குத் தேடிக் கண்டுபிடிக்கச் சின்னச் சின்ன விஷயங்கள் வைக்கலாம்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 2012இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த ஓவியங்களுக்காகவே ஊருக்கு ஆட்கள் வருகிறார்கள். அவற்றில் மிகப் பிரபலமானது ஆர்மேனியன் தெருவில் இருக்கிறது. அக்காளும் தம்பியுமாகத் தோன்றும் இரண்டு குழந்தைகள் சைக்கிளில் போகிறார்கள். குழந்தைகள் ஓவியம், சைக்கிள் நிஜம். பழைய, காரை பெயர்ந்த சுவர்தான் பின்னணி. அதை அவர் மறைக்கவில்லை. ஆளுயரத்துக்கு மேல் போகவும் இல்லை. புதியவர் இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். சுவரில் ஏற்கெனவே இருக்கும் சன்னலையும் குழாயையும் கறையையும் படத்துக்குள் இழுத்துக்கொள்ளலாம், முதல் ஓவியம் ஏணி தேவைப்படாத உயரத்தில் இருக்கலாம்.

தமிழ்நாட்டில் நிறத்துக்கும் அரசியல் உண்டு. கறுப்பும் சிவப்பும் மேலும் கீழுமாக வந்தால் அது கொடி. நடுவில் வெள்ளை சேர்ந்தால் வேறு கொடி. சில மாவட்டங்களில் இரண்டு நிறங்களைப் பட்டையாகச் சேர்த்து மின்கம்பத்தில் பூசினாலே எந்தச் சாதிக்காரர்கள் பூசினார்கள் என்று ஊர் சொல்லிவிடும். வெளியூரிலிருந்து வந்து, கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று அதே நிறச்சேர்க்கையை அடித்துவைத்தால் உங்கள் ஓவியம் இரவோடு இரவாகப் பிரச்சினை ஆகிவிடும். முன்வரைவை நிறத்தோடு அச்சிட்டு, டீக்கடையில் நான்கு பேரிடம் காட்டிவிடுங்கள். அவர்கள் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். தலைவர்களின் முகங்களையும் முதல் சுவருக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். மூக்கு சற்றுப் பிசகினாலும் அவமதிப்பாகிவிடும்.

குடியிருப்புகளில் வரையப் போகிறவர் ஒரு கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும்: 'சுவருக்கு நிறம் அடிக்க வந்தவர்கள் தண்ணீருக்கு என்ன செய்வீர்கள்?' நியாயமான கேள்வி. வறுமையை நிறம் பூசி மறைப்பதாக இத்தகைய திட்டங்கள்மீது உலகெங்கும் விமர்சனம் இருக்கிறது. அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. ஆனால் அங்கே வசிப்பவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு வரைந்த சுவருக்கும், வெளியே தீர்மானித்துக் கொண்டுவந்து ஒட்டிய சுவருக்கும் உள்ள வேறுபாடு ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் கண்கூடாகத் தெரியும்.

கூகுளில் கிடைத்த படத்தை எடுத்து வரையாதீர்கள். அது இன்னொருவரின் புகைப்படம்.

கீழ் மூன்றடிக்கு முக்கியமான எதையும் வைக்காதீர்கள். அங்கே சேறு தெறிக்கும், வண்டி உரசும், நாய் படுக்கும், மனிதர்களும் அசிங்கம் செய்வார்கள். முகமோ எழுத்தோ அந்த உயரத்துக்கு மேலேதான். அடிப்பகுதியை ஒரே அடர்நிறமாக விட்டுவைத்தால் அழுக்கானதும் அதே நிறத்தை மறுபடி உருட்டிவிடலாம்.

சிறிய தாளிலிருந்து பெரிய சுவருக்கு

சினிமா பேனர் வரைந்தவர்கள் கட்டம் போட்டுத்தான் பெரிதாக்கினார்கள். இன்றும் அதைவிட நம்பகமான முறை இல்லை. ஓர் அங்குலம் ஓர் அடிக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால் 15 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட சுவர் ஏ3 தாளில் சரியாக அடங்கிவிடும். தாளில் அங்குலத்துக்கு ஒரு கோடு, சுவரில் அடிக்கு ஒரு கோடு. சுவரில் கோடு போட அளவுகோலைத் தேடாதீர்கள். நூலை நீலப் பொடியில் தோய்த்து, இருவர் இரு முனைகளிலும் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். காவிப் பொடி வேண்டாம், வெளிர் நிறங்களுக்குக் கீழே கறை தெரியும். முதல் செங்குத்துக் கோட்டைத் தூக்குக்குண்டு விட்டுப் போடுங்கள். நம் தெருக்களில் தரையும் மதிலின் மேல்விளிம்பும் மட்டமாக இருப்பது அபூர்வம், அவற்றை நம்பி அளந்தால் முகம் சாய்ந்துவிடும்.

கட்டத்தை விரும்பாதவர்களுக்குக் கிறுக்கல் முறை இருக்கிறது. சுவர் முழுக்க மனம்போனபடி எழுத்துகளையும் சுழிகளையும் கிறுக்குங்கள். அதை நேராக நின்று புகைப்படம் எடுத்து, கைப்பேசியில் உங்கள் முன்வரைவை அதன்மேல் மங்கலாகப் பதியுங்கள். 'இடது கண் அந்த ழகர வாலில் தொடங்குகிறது, உதடு அந்த முக்கோணத்தைத் தொடுகிறது' என்று பார்த்துப் பார்த்து வரைந்துவிடலாம். மிகப் பெரிய சுவர்களுக்கு இது வேகமான வழி, கட்டங்களை எண்ணித் தடுமாற வேண்டியதில்லை. புரொஜெக்டரும் பயன்படும், ஆனால் இருட்டு வேண்டும், மின்சாரம் வேண்டும், படம் கோணாமல் விழ எதிரே இடமும் வேண்டும்.

இப்போது பெயிண்ட்

வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன்தான் அடிப்படை. டிஸ்டெம்பர் வீட்டுக்குள் பூசுவதற்கானது. எனாமல் பளபளப்பில் மயங்கிவிடாதீர்கள், சிமெண்டின் காரம் எண்ணெய்ப் பெயிண்டை அரித்து உரித்துவிடும். நல்ல எமல்ஷன் ஒரு லிட்டரில் இரண்டு கோட்டாக ஏறத்தாழ 50 சதுர அடி போகும். மேலே சொன்ன 150 சதுர அடிச் சுவருக்கு அடிநிறம் மூன்று லிட்டர். மற்ற நிறங்களைச் சிறு டப்பாக்களாக வாங்குங்கள்.

கடையிலுள்ள எல்லா நிறங்களும் தேவையில்லை. வெள்ளை, கறுப்பு, ஒரு நீலம், ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு காவி இருந்தால் மற்றதைக் கலந்துகொள்ளலாம். இரும்பு ஆக்சைடால் ஆன காவியும் மண்மஞ்சளும் வெயிலை நெடுங்காலம் தாங்கும். கண்ணைப் பறிக்கும் ரோஜாச் சிவப்புகளும் ஒளிரும் நிறங்களும் முதலில் வெளுக்கும். கோயில் மதிலின் காவிப் பட்டை ஏன் அப்படியே இருக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம். நிறம் கூட்டக் கலக்கும் அடர்சாயமான ஸ்டெய்னரைக் குழந்தைக்கு மருந்து ஊற்றுவதைப் போல அளந்து ஊற்றுங்கள். டப்பாவில் சொன்ன அளவை மீறினால் பெயிண்ட் சரியாகக் காயாது, மழையில் சாயம் ஒழுகும். கலந்த நிறம் பாதி வேலையில் தீர்ந்துபோனால் அதே நிறத்தை மீண்டும் கொண்டுவருவது மிகக் கடினம். எனவே தாராளமாகக் கலந்து, மூடியில் எந்த இடத்துக்கு என்று எழுதிவையுங்கள்.

ஸ்பிரே டப்பாவை இரண்டாம் சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆசை அடங்காது என்றால் முதலில் பழைய அட்டைப்பெட்டிகளில் பழகுங்கள். ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் குலுக்க வேண்டும், உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க வேண்டும். டப்பாவின் தலையில் பெயிண்டைப் பீய்ச்சும் முனையை மூடி என்பார்கள், அதைப் பொறுத்துக் கோடு மாறும். மெல்லிய மூடி கோட்டுக்கு, அகன்ற மூடி நிரப்புவதற்கு. சுவருக்கு நெருங்கிப் பிடித்தால் கூர்மையான கோடு, தள்ளிப் பிடித்தால் புகைபோன்ற விளிம்பு. கை நின்றால் ஒழுகும். மணிக்கட்டை வளைக்காமல் உடம்போடு நகர வேண்டும். துணி முகக்கவசம் ஸ்பிரேயின் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. ஆவியையும் தூசியையும் தடுக்கும் வடிகட்டி பொருத்திய கவசமே வேண்டும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் டப்பாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள், 50 டிகிரிக்கு மேல் சூடானால் வெடிக்கும்.

ஏறுவது

2014இல் தில்லி காவல்துறையின் அப்போதைய தலைமையகச் சுவரில் ஹென்ட்ரிக் பைகிர்ஷும் அன்பு வர்க்கியும் ஏறத்தாழ 150 அடி உயரத்துக்குக் காந்தியை வரைந்தார்கள். அதைப் பார்த்து உற்சாகம் கொள்ளுங்கள், ஏறாதீர்கள். ஆளுயரத்துக்கு மேல் ஏணி வேண்டும் என்றால், 12 அடி உயரத்தில் சாயும் ஏணியின் கால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இருக்க வேண்டும், கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அதற்கு மேல் சாரம்தான். சவுக்கு மரச் சாரத்தைத் தொழில் தெரிந்தவர்களே கட்டட்டும், நீங்கள் இடுப்புப் பட்டை அணிந்து ஏறுங்கள். சுவருக்குப் பக்கத்தில் மின்கம்பி போனால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். நீளமான ரோலர் கம்பு அலுமினியத்தால் ஆனது என்பதை மறக்க வேண்டாம்.

வரையும் நாட்கள்

சென்னையில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சுவரும் காயாது, பெயிண்டும் காயாது. கோடையில் வரைந்தே ஆக வேண்டும் என்றால் நிழலைத் துரத்துங்கள். மேற்குப் பார்த்த சுவருக்குக் காலை, கிழக்குப் பார்த்த சுவருக்குப் பிற்பகல். கை வைக்க முடியாத அளவு சூடான சுவரில் பெயிண்ட் பரவுவதற்கு முன்பே காய்ந்து, தூரிகைத் தடம் தடமாக நிற்கும்.

மேலிருந்து கீழே, பின்னணியிலிருந்து முன்னே, பெரிய திட்டிலிருந்து சிறிய கோட்டுக்கு என்பதே வரிசை. கண்ணிமையை முதல் நாளே வரைய ஆசையாக இருக்கும். பொறுங்கள். ஒவ்வொரு நிறத்திட்டு முடிந்ததும் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய்ப் பாருங்கள். கைப்பேசியில் சிறிதாகப் படமெடுத்துப் பார்த்தாலும் கோணல் தெரிந்துவிடும்.

தெருவில் வரையும்போது ஆட்கள் பேசுவார்கள். 'எந்தக் கட்சிக்கு?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பதில் சொல்லவே நேரம் போகிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். பேச விட்டவர்கள்தான் பிற்பாடு சுவரைப் பார்த்துக்கொள்வார்கள். சிறுவர்கள் தூரிகை கேட்டால் அடிப்பகுதியின் ஒற்றை நிறத்தை அவர்களிடம் கொடுங்கள். மூன்றடிக்குக் கீழே என்ன செய்தாலும் கெடுதலில்லை. அனுமதிக் கடிதத்தின் நகல் சட்டைப்பையில் இருக்கட்டும், ரோந்து வரும் காவலருக்கு அதைக் காட்டினால் போதும்.

முடிந்த பிறகு

பெயிண்ட் நன்றாகக் காய ஒரு வாரம் விட்டு, வெளிப்புறத்துக்கான தெளிவான மேற்பூச்சு அடிக்கலாம். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் அடிக்காதீர்கள். அத்தகைய சுவர் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விட வேண்டும், பூச்சு அதை அடைத்துவிடும், பிறகு படம் கொப்பளித்துக் கிளம்பும்.

காலையொளியில் நேராக நின்று படமெடுத்து வையுங்கள். கையெழுத்தைச் சிறிதாக, கீழ் மூலையிலிருந்து சற்று மேலே போடுங்கள். நான்கு அடி நீளத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கும் ஓவியங்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

சுவரொட்டி ஒட்டுவார்கள். கண்ணீர் அஞ்சலியோ, சினிமாவோ, காதுகுத்து விழாவோ, ஏதோ ஒன்று வரும். கோபத்தில் காய்ந்த தாளைச் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வரும். மைதாப் பசைதான் என்பதால் வெந்நீரில் நனைத்த சாக்கைத் தாளின்மேல் போர்த்தி ஊறவிட்டால், ஓரத்திலிருந்து முழுதாக உரிந்துவிடும். பசையின் மிச்சத்தைப் பஞ்சால் துடையுங்கள். நிறம் போன இடத்துக்கு, கலந்து மீந்ததை ஏற்கெனவே சிறு பாட்டில்களில் காற்றுப் புகாமல் மூடி, பெயரும் தேதியும் எழுதி வைத்திருந்தீர்கள் என்றால் ஒரு மணி நேர வேலைதான்.